மகனின் இஇஜி அறிக்கையில் வரும் '10 ஹெர்ட்ஸ்' எதைச் சொல்கிறது?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறோம். என் மகனுக்கு 16 வயது, படிவம் 4 படிக்கிறான். போன மாதம் பள்ளியில் சபைகூடல் நடந்தபோது வெயிலில் நின்றவன் மயங்கி விழுந்துவிட்டான். கை கால் லேசாக இழுத்ததாக ஆசிரியர் சொன்னார். தனியார் மருத்துவமனையில் இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை) எடுத்தார்கள். 'பின்தலையில் 10 ஹெர்ட்ஸ் ஆல்பா தாளம், இரு பக்கமும் சமம், கண் திறந்தால் அடங்குகிறது, வலிப்பு அலைகள் இல்லை' என்று அறிக்கை வந்தது. அப்படியும், தூக்கத்தைக் குறைத்துவிட்டு வந்து இன்னொரு முறை எடுக்கச் சொல்கிறார்கள். இதற்கிடையில் டியூஷன் சென்டரில் நெற்றியில் ஒரு பட்டையை மாட்டிப் பார்த்து, 'பையனுக்குத் தீட்டா அதிகம், பீட்டா குறைவு, அதனால்தான் படிப்பில் கவனம் இல்லை' என்கிறார்கள். ஆல்பாவை ஏற்றும் ஆடியோவும் விளக்கு மின்னும் கண்ணாடியும் சேர்த்து 1,200 ரிங்கிட்டாம். எஸ்பிஎம் தேர்வு நெருங்குகிறதே என்று யோசிக்கிறேன். வாங்கலாமா? இந்த அலைகள் மூளையில் என்னதான் செய்கின்றன? இரண்டாவது இஇஜிக்கு எப்படித் தயாராக வேண்டும்?

பதில்: வணக்கம் சகோதரி. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மின்னும் கண்ணாடியை இலவசமாகக் கொடுத்தாலும் தம்பி இப்போது மாட்டக் கூடாது. அவன் விழுந்தது வெறும் மயக்கமா, வலிப்பா என்று இன்னும் முடிவாகவில்லை. மின்னும் ஒளியால் தூண்டப்படும் வலிப்பு பதின்ம வயதில்தான் அதிகம் தலைகாட்டும். விநாடிக்கு 15 முதல் 25 முறை மின்னும் ஒளி மிகவும் ஆபத்தானது, ஆனால் அதற்குக் கீழேயும் பாதுகாப்பு இல்லை. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் காட்சியில் சிவப்பும் நீலமும் விநாடிக்கு 12 முறை மாறி மாறி மின்னியதில் 600-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அவர்களில் பலருக்கு அதற்கு முன் வலிப்பே வந்ததில்லை.

இனி அறிக்கைக்கு வருவோம். மூளை அலை என்றதும் மூளையிலிருந்து ஏதோ கதிர் போல வெளியே கிளம்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. ஒரு நரம்பணு அனுப்பும் மின்துடிப்பு ஆயிரத்தில் ஒரு விநாடி அளவே நீடிக்கும். அது தலைத்தோல்வரை வந்து சேர்வதில்லை. தலையில் ஒட்டும் மின்முனையில் பதிவாவது வேறு. மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணியில் பிரமிடு வடிவ நரம்பணுக்கள் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றன. மற்ற அணுக்களிலிருந்து செய்தி வந்து சேரும்போது அவற்றின் கிளைகளில் மின்னழுத்தம் மெதுவாக ஏறி இறங்கும். சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் உள்ள அணுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால்தான் 20, 50 மைக்ரோவோல்ட் அளவில் திரையில் ஓர் அலை தெரியும். ஒரு மைக்ரோவோல்ட் என்பது வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

ஆகவே இஇஜியில் கண்ணுக்குத் தெரிகிற எந்தத் தாளமும் ஏராளமான அணுக்கள் ஒத்துப்போவதன் அடையாளம்தான். ஒவ்வொரு அணுவும் தனித்தனியாகச் சுறுசுறுப்பாக வேலை செய்யும்போது இந்த ஒத்திசைவு குலையும், அலை சின்னதாகிவிடும். பெரிய அலை என்றால் அதிக வேலை என்ற எண்ணம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

விநாடிக்கு 4-க்குக் கீழே டெல்டா, 4 முதல் 8 வரை தீட்டா, 8 முதல் 13 வரை ஆல்பா, 13 முதல் 30 வரை பீட்டா, அதற்கு மேல் காமா என்பது வழக்கமான பிரிவு. தம்பியின் 10 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்குப் பத்து முறை ஏறி இறங்கும் ஆல்பா, அவன் வயதுக்குச் சரியானது. மூன்று வயதில் இதே தாளம் 8 அளவில் இருக்கும், வளர வளர ஏறி 9, 10-இல் நிலைக்கும். அது பள்ளி மதிப்பெண் அல்ல. 9 இருக்கிற பிள்ளையைவிட 11 இருக்கிற பிள்ளை கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது. 'கண் திறந்தால் அடங்குகிறது' என்ற வரிதான் அந்த அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த வரி. கண்ணை மூடியிருக்கும்போது பின்தலையில் விநாடிக்குப் பத்து மேடு பள்ளமாக ஓடுவது, கண் திறந்த உடனே தட்டையாகிவிடும். மூடினால் திரும்பி வரும். ஜெர்மனியின் யேனா நகரில் 1924-இல் முதன்முதலில் மனித இஇஜியைப் பதிவு செய்த ஹான்ஸ் பெர்கர் கவனித்ததும் இதைத்தான். அவர் 1929-இல் வெளியிட்டபோது பலரும் நம்பவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வாளர்கள் ஏட்ரியனும் மேத்யூஸும் அதையே எடுத்துக்காட்டிய பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது.

அடுத்து, நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி: இந்தத் தாளம் என்ன வேலை செய்கிறது?

அணுக்களின் மின்னழுத்தம் தாளத்தோடு ஏறி இறங்குகிறது என்றேன். ஏறியிருக்கும் கணத்தில் ஒரு செய்தி வந்தால் அணு உடனே பதில் துடிப்பு அனுப்பிவிடும். இறங்கியிருக்கும் கணத்தில் அதே பலத்தோடு அதே செய்தி வந்தாலும் எடுபடாமல் போகலாம். மஸ்ஜித் ஜாமெக்கில் எல்ஆர்டி ரயில் கதவு திறந்திருக்கும்போது வருகிறவர் ஏறிவிடுகிறார். கதவு மூடியபின் வருகிறவர் எவ்வளவு வேகமாக ஓடி வந்தாலும் பிளாட்ஃபாரத்தில்தான் நிற்க வேண்டும். 10 ஹெர்ட்ஸ் தாளத்தில் ஒரு சுற்று 100 மில்லி விநாடி. 40 ஹெர்ட்ஸில் 25 மில்லி விநாடி. இது வெறும் கணக்கு அல்ல, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தெரிந்தும் தெரியாத அளவு மங்கலான ஒளிப்புள்ளியைத் திரையில் காட்டி, 'பார்த்தீர்களா?' என்று கேட்ட ஆய்வுகள் 2009-இல் வெளிவந்தன. புள்ளி தோன்றிய கணத்தில் அலை எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதைப் பொறுத்து, அதைப் பார்க்கும் வாய்ப்பு கூடியும் குறைந்தும் இருந்தது.

கவனம் எப்படி வேலை செய்கிறது என்பதும் இதில் தெரியும். கண்ணை அசைக்காமல் இடப்பக்கம் மட்டும் கவனிக்கச் சொன்னால், இடப்பக்கக் காட்சியைக் கையாளும் வலது பின்மூளையில் ஆல்பா குறையும். கவனிக்கத் தேவையில்லாத பக்கத்தைக் கையாளும் இடது பின்மூளையில் ஆல்பா கூடும். அதாவது ஆல்பா பல நேரங்களில் வேண்டாததை அடக்கி வைக்கும் வேலையைச் செய்கிறது. தேவையான இடத்தில் குறைய வேண்டும், தேவையில்லாத இடத்தில் கூட வேண்டும். தலை முழுக்க 'ஆல்பாவை ஏற்றுகிறோம்' என்று விற்கிறவரிடம், எந்தப் பக்கத்தில், எந்த நேரத்தில் என்று கேட்டுப் பாருங்கள்.

காமா உருவாகும் விதம் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. பிரமிடு அணுக்கள் பக்கத்திலிருக்கும் தடுப்பு அணுக்களைத் தூண்டுகின்றன. அவை உடனே காபா என்ற வேதிப்பொருளை விட்டுத் தங்களைத் தூண்டியவற்றையே அமுக்குகின்றன. அமுக்கல் பத்து, இருபது மில்லி விநாடியில் தேய்ந்ததும் பிரமிடு அணுக்கள் ஒன்றாக எழுகின்றன, மறுபடி அமுக்கல். இந்தச் சுழற்சியே விநாடிக்கு 30 முதல் 80 வரை ஓடுகிறது. 1989-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் வோல்ஃப் சிங்கரின் குழு, பூனையின் பார்வைப் புறணியில் தள்ளித் தள்ளி இருக்கும் அணுக்கள் ஒரே பொருளைப் பார்க்கும்போது 40 ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்துத் துடிப்பதைக் காட்டியது. ஒத்துத் துடிப்பதால்தான் செய்தி சேர்கிறதா, அல்லது செய்தி கையாளப்படும்போது பக்கவிளைவாகத் தாளம் வருகிறதா என்ற சண்டை அன்றிலிருந்து நடக்கிறது. 2009-இல் எலிகளில் அந்தத் தடுப்பு அணுக்களை மட்டும் ஒளியால் 40 ஹெர்ட்ஸில் இயக்கிப் பார்த்தார்கள். காமா எழுந்தது, மீசை முடியைத் தொட்ட உணர்வுக்குப் புறணி தரும் பதில், தொட்ட கணம் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் விழுந்தது என்பதற்கேற்ப மாறியது. தாளத்துக்குச் சொந்தமாக ஒரு வேலை உண்டு என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான சான்றுகளில் இது ஒன்று. எல்லாத் தாளத்துக்கும், எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று நீட்டிவிடக் கூடாது.

பேச்சைக் கேட்பதிலும் இது உண்டு. பெரும்பாலான மொழிகளில் விநாடிக்கு நான்கிலிருந்து எட்டு அசைகள் வரும்; அது தீட்டாவின் வேகம். கேட்கும் புறணியின் மெதுவான தாளம், பேச்சின் ஏற்ற இறக்கத்தோடு தன்னைச் சரிப்படுத்திக்கொள்கிறது. தைப்பூசத்தன்று பத்துமலையில் ஒரு பக்கம் உறுமி, இன்னொரு பக்கம் ஒலிபெருக்கி, நடுவில் தம்பி சொல்வது உங்கள் காதில் விழுகிறதென்றால், உங்கள் புறணி அவன் குரலின் ஏற்ற இறக்கத்தைத்தான் பின்தொடர்கிறது, உறுமியின் தாளத்தை அவ்வளவாக இல்லை. அறுவை சிகிச்சைக்காக மூளையின் மேற்பரப்பில் மின்முனை வைக்கப்பட்டிருந்த நோயாளிகளுக்கு இரண்டு குரல்களை ஒன்றாக ஒலிக்கவிட்டு, யாரைக் கவனிக்கிறார்கள் என்பதைப் புறணியின் பதிவிலிருந்தே கண்டுபிடிக்க முடிந்தது என்று 2012-இல் ஓர் ஆய்வு வெளியானது.

தாளம் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தாலமஸ் என்பது வாசனை தவிர மற்ற புலன் செய்திகள் எல்லாம் புறணிக்குப் போகும் வழி. தாலமஸும் புறணியும் விநாடிக்கு 3 என்ற தாளத்தில் மாட்டிக்கொண்டால், பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே ஐந்து, பத்து விநாடி வெறித்துப் பார்த்து நிற்கும், கூப்பிட்டால் தெரியாது. காது பழுதில்லை, செய்தி உள்ளே கையாளப்படவில்லை. திரையில் அப்போது தெரியும் அலை இஇஜியிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. இந்த வகை வலிப்புக்கான மருந்துகளில் ஒன்றான எத்தோசக்சிமைடு, தாலமஸ் அணுக்களில் இருக்கும் ஒரு வகைக் கால்சியம் வாசலை அடைத்துத்தான் அந்தத் தாளத்தை உடைக்கிறது. பார்க்கின்சன் நோயில் அடிமூளைக் கருக்களில் (மூளையின் ஆழத்தில் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிகள்) பீட்டா மிகையாகிறது, கை கால் எழ மறுக்கிறது. பீட்டா குறைவு என்று பயமுறுத்துகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த நெற்றிப் பட்டைக்கு வருகிறேன். ஆல்பா பலமாக இருப்பது பின்தலையில். முடி இல்லாத இடம் வசதி என்பதற்காகப் பட்டை நெற்றியில் உட்காருகிறது. அங்கே என்ன இருக்கிறது? நெற்றித் தசை, கண். தசை சுருங்கினால் 20 ஹெர்ட்ஸுக்கு மேலே சத்தம் வரும், அது பீட்டாவாகவும் காமாவாகவும் கணக்கில் ஏறும். கண் இமைத்தால் 100 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் ஒரு பெரிய மெதுவான அலை வரும், அது டெல்டாவாகவும் தீட்டாவாகவும் ஏறும். நீங்களே சோதிக்கலாம். அடுத்த முறை போகும்போது பட்டையை நீங்கள் மாட்டிக்கொண்டு முதலில் சும்மா உட்காருங்கள். பிறகு பல்லைக் கடித்து நெற்றியைச் சுருக்குங்கள். பீட்டா எண் எகிறுகிறதா என்று பாருங்கள். அடுத்து முகத்தைத் தளர்த்திவிட்டு வேகவேகமாக இமையுங்கள். தீட்டா ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால், அந்தக் கருவி உங்கள் மகனின் கவனத்தை அளக்கவில்லை.

பட்டை சுத்தமாகவே பதிவு செய்தது என்று வைத்துக்கொண்டாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தூக்கம் வரும்போது தீட்டா கூடும். காலை ஐந்தரைக்கு எழுந்த பிள்ளையை இரவு ஒன்பது மணிக்கு டியூஷன் முடிந்ததும் உட்கார வைத்து அளந்தால் தீட்டா கூடாமல் என்ன செய்யும்? தீட்டாவுக்கும் பீட்டாவுக்கும் உள்ள விகிதத்தை வைத்துக் கவனக்குறைவு நோயை உறுதி செய்யக் கூடாது என்று அமெரிக்க நரம்பியல் அகாடமி 2016-இலேயே அறிவுறுத்தியிருக்கிறது.

ஆடியோ எப்படி வேலை செய்வதாகச் சொல்லப்படுகிறது என்றால், இடது காதில் 200 ஹெர்ட்ஸ், வலது காதில் 210 ஹெர்ட்ஸ் ஒலி. இரண்டும் மூளைத்தண்டில் சேர்ந்து விநாடிக்கு 10 முறை அதிர்வது போலக் கேட்கும். இது உண்மையான அனுபவம்தான். 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஹெட்ஃபோன் இல்லாமல் ஸ்பீக்கரில் போட்டால் இரண்டு ஒலியும் காற்றிலேயே கலந்துவிடும், அந்த விளைவு கிடையாது. ஆனால் அதிர்வு கேட்பதும் புறணியின் ஆல்பா அதைப் பின்பற்றுவதும் ஒன்றல்ல. ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன, பரீட்சை மதிப்பெண்ணை ஏற்றும் என்று சொல்ல ஆதாரம் கிடையாது.

அந்த ஆடியோவின் அடிப்படைக் குறையை இன்னோர் ஆய்வு நன்றாகக் காட்டும். ஆழ்ந்த தூக்கத்தில் விநாடிக்கு ஒன்றுக்கும் குறைவான ஒரு பெரிய அலை ஓடும். அது மேலே ஏறும் கட்டத்தில்தான் தாலமஸிலிருந்து 11 முதல் 16 ஹெர்ட்ஸ் வரையிலான குறுந்தொடர் அலைகள் எழும். பகலில் படித்தது நினைவில் ஊறுவதற்கும் இந்த இணைப்புக்கும் தொடர்பு இருக்கிறது. 2013-இல் ஜெர்மனியின் டூபிங்கனில் ஒரு குழு, தூங்குகிறவரின் இஇஜியைக் கணினியால் அந்தந்தக் கணமே படித்து, அலை மேலேறும் கட்டத்தில் மட்டும் மெல்லிய 'டிக்' ஒலியைக் கொடுத்தது. முந்தைய இரவு படித்த சொல் ஜோடிகள் காலையில் கூடுதலாக நினைவிருந்தன. அதே ஒலியைத் தவறான கட்டத்தில் கொடுத்தபோது பலன் இல்லை. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்தப் பலன் அப்படியே கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டம் பார்த்துக் கொடுக்கும் ஒலிக்கே இந்தக் கதி. போனில் ஓடும் ஆடியோவுக்கு அவன் மூளை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியவே தெரியாது.

1,200 ரிங்கிட்டை மிச்சம் பிடியுங்கள். 16 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஐந்தரைக்கு எழுபவன் ஒன்பதரைக்குள் படுத்தாக வேண்டும். பெரும்பாலான ஆழ்ந்த தூக்கம் இரவின் முற்பகுதியிலும், அந்தக் குறுந்தொடர் அலைகள் நிறைந்த இலகுவான தூக்கம் விடியலை ஒட்டியும் வரும். எந்தப் பக்கம் வெட்டினாலும் நட்டம்தான். ஒன்பது மணி டியூஷனை முன்னால் நகர்த்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது இஇஜி தேவைதான். வலிப்பு உள்ளவர்களுக்குக்கூட முதல் சாதாரண இஇஜியில் வலிப்பு அலைகள் தெரிவது ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான். அரைத்தூக்கத்திலும் தூக்கத்திலும் எடுத்தால் வாய்ப்பு கூடும். அதற்குத்தான் தூக்கத்தைக் குறைத்து வரச் சொல்கிறார்கள். எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்பதை அந்த மருத்துவமனை சொல்லும். அதை அப்படியே கடைப்பிடியுங்கள். நடைமுறையில் கெட்டுப் போவது வழியில்தான். ஜாலான் துன் ரசாக் நெரிசலில், கார் ஏர்கானில் பத்து நிமிடம் கண்ணயர்ந்துவிட்டால், அங்கே போய்ப் படுத்ததும் தூக்கம் வராது, விடிய விடிய விழித்ததெல்லாம் வீண். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே போங்கள். காலையில் கோப்பி, தே தாரேக், எனர்ஜி பானம் வேண்டாம். ஆனால் வெறும் வயிற்றோடும் போகக் கூடாது. நடுவில் மூன்று நிமிடம் வேகமாக மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளையின் ரத்தக்குழாய் சுருங்கும், அலைகள் மெதுவாகிப் பெரிதாகும். இந்த வயதில் அது இயல்பு, ஆனால் பசியோடு இருந்தால் ரத்தச் சர்க்கரை குறைந்து அளவுக்கு மிஞ்சித் தெரியும். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முந்தைய இரவு ஷாம்பூ போட்டு இரண்டு தடவை தலை குளிக்கட்டும். தேங்காயெண்ணெய், ஜெல், கண்டிஷனர் எதுவும் கூடாது. எண்ணெய் இருந்தால் தோலுக்கும் மின்முனைக்கும் இடையே மின்தடை ஏறிவிடும். அதை 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவரத்தான் டெக்னீஷியன் ஒவ்வோர் இடத்திலும் பசை தடவி லேசாகத் தேய்ப்பார். ஒரு மின்முனையில் தடை குறைவாகவும் இன்னொன்றில் அதிகமாகவும் இருந்தால் சுவர் பிளக்கின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே வந்து அலையை மூடும். தலையில் ஏறத்தாழ 21 மின்முனைகள் வரும். அவை கேட்க மட்டும்தான் செய்யும், தலைக்குள் மின்சாரம் எதுவும் போகாது. தம்பிக்கு இதைச் சொல்லி வையுங்கள், பயத்தில் நெற்றியைச் சுருக்கினால் பதிவு முழுக்கத் தசைச் சத்தமாகிவிடும். சளி, அலர்ஜிக்குத் தூக்கம் வரவழைக்கும் மாத்திரை எடுத்திருந்தால் பெயரோடு சொல்லுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கடிதத்தில் குறிப்பிடாதது: ஈசிஜி (இதயத் துடிப்பின் மின்பதிவு) எடுத்தார்களா? வெயிலில் நின்று விழுகிற பிள்ளைகளில் பலருக்கு மூளையில் கோளாறே இருக்காது. சில விநாடி ரத்த ஓட்டம் குறைந்தாலே கை கால் வெட்டி இழுக்கும். அரிதாக இதயத் துடிப்பின் கோளாறும் இப்படி விழ வைக்கும், அது இஇஜியின் வேலை அல்ல. குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஆசிரியரிடமும் விவரம் கேட்டு எழுதி எடுத்துப் போங்கள்: விழும் முன் முகம் வெளுத்ததா, கண் இருட்டியதாகச் சொன்னானா, இழுப்பு எத்தனை விநாடி, ஒரு நிமிடத்துக்குள் தெளிந்தானா அல்லது நெடுநேரம் குழம்பியிருந்தானா, நாக்கின் பக்கவாட்டில் கடி இருந்ததா. மருத்துவர் முடிவு சொல்லும்வரை தனியாக நீந்த விட வேண்டாம். 16 வயதானால் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கலாம் என்று பிள்ளைகள் அவசரப்படுவார்கள், அதையும் தள்ளி வையுங்கள்.